மஞ்சள் கோடு

ஷார்ஜா கராஜில் எங்கள் ஃபோர்மேன் செல்வராஜ் அண்ணன், என் லீவை ரத்து செய்துவிட்டுத் தன் மச்சானை ஊருக்கு அனுப்பினார். தங்கை கல்யாணத்தை நான் போனில் பார்த்தேன். அன்றே கறுவிக்கொண்டேன்.

ஓர் அரபியின் பழைய அமெரிக்கக் காருக்குப் பின்பக்க சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் அண்ணனே புதிதாக மாட்டினார். முறுக்கிய நட்டின் மேல், பக்கத்து இரும்பையும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் கோடு போடுவது எங்கள் வழக்கம். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அவர் சாப்பிடப் போனதும் பிரேக் பைப் நட்டைத் தளர்த்தினேன். ஆயில் ஒழுகி அரபி முன்னால் மானம் போகட்டும்! ஆத்திரத்தில் கோட்டை மறந்தே போனேன்.

மாலையில் வந்த அரபி, தன் சின்ன மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். வழியில் பிரேக் பிடிக்காமல் போனால்? ஸ்பேனரோடு காருக்கடியில் பாய்ந்தேன்.

நட்டு இறுகியிருந்தது. கோடு சேர்ந்திருந்தது. காயாத பெயின்ட் விரலில் ஒட்டியது.

"எல்லாம் டைட்டாத்தான் இருக்கு. வெளிய வா மக்கா," என்றார் அண்ணன். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லீவைப் பறித்ததைக்கூட என்றாவது மறப்பேன். நிம்மதியாக வெறுக்கவும் வழியில்லாமல் செய்துவிட்டாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.