ஞாயிற்றுக்கிழமை மீன்

எங்கள் வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஒரே ஒரு சந்தோஷம்தான். கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில் ஆபீசில் ஆறு நாளும் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார். ஞாயிறு காலையில் எங்கள் கூடத்தில் தமிழ் லுத்தரன் குடும்பங்கள் கூடி ஆராதனை நடக்கும். அது முடிந்து சாப்பிட்டதும், தூண்டிலோடு பக்கத்து வங்காளி வீட்டுக் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். திரும்பும்போது முகம் துலக்கிவைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கும். மீன் அகப்பட்டால் தலை குளத்துக்காரம்மாவுக்கு. அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். அடுத்து, ஆராதனை நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு. அப்புறம்தான் எங்களுக்கு.

நான் வளர்ந்த வீட்டிலும் ஞாயிறு அப்படித்தான். வசனத்தைக் காதுகொடுத்துக் கேள், மிச்சப் பொழுதைக் கடவுள் தந்ததென்று சந்தோஷமாக அனுபவி. லுத்தரன் வீட்டு வழக்கம் அது. எங்கள் உபதேசியாரோ கல்கத்தாவுக்கு வந்தபின் வேறு சபையாரோடு பழகி, ஞாயிற்றுக்கிழமை சிரிப்பதே பாவம் என்கிற அளவுக்கு வந்திருந்தார். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு இவரைக் கூப்பிட்டு, "தம்பி, தூண்டிலை விட்டுடுங்க. இல்லேன்னா ஆராதனையை வேற வீட்டுக்கு மாத்த வேண்டியிருக்கும்" என்றார்.

இவர் சண்டைக்காரர் இல்லை. "இன்னிக்கு மட்டும் போயிட்டு வந்துடறேங்கய்யா" என்று சொல்லிப் போய், கடைசித் தடவையாக ஒரு பெரிய ரூயி மீனைப் பிடித்து வந்து, தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மீனை நான் அறுக்கவில்லை. முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, வாரம் முழுக்கச் சோறு போட்டேன்.

ஊரில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக நெல்லும் வாழைத்தாரும் வரும். கல்கத்தாவில் யாருக்கு வயல் இருக்கிறது? அவரவர் கைக்குக் கடவுள் கொடுத்ததில் நல்லதைக் கொண்டுவருவோம். உபதேசியார் ஏலம் விடுவார், பணம் ஏழைகளுக்குப் போகும். அன்று ஒருவர் கோழி கொண்டுவந்தார், ஒருவர் மாடியில் காய்த்த பூசணி. நான் வாளியில் ரூயியை உயிரோடு கொண்டுபோய் நடுக்கூடத்தில் வைத்தேன்.

உபதேசியார் எட்டிப் பார்த்தார். "எப்பப் பிடிச்சது?"

"போன ஞாயித்துக்கிழமை."

"ஓய்வுநாள்ல பிடிச்சதைக் காணிக்கையா எப்படிம்மா ஏத்துக்கறது?"

"வாரா வாரம் உங்க வீட்டுக்குக் குழம்பு வந்துச்சே அய்யா. எந்தக் கிழமை மீனுன்னு ஒருநாளும் கேக்கலியே."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். "விடு" என்றார் இவர், என் பக்கத்தில் வந்து. உபதேசியாருக்கு மூக்கு விடைத்தது. "சரி, ஏலம் விடறேன். யாராவது விலை கேட்டா தம்பி இஷ்டம்போலத் தூண்டில் போடட்டும். யாரும் கேக்கலேன்னா இந்தப் பேச்சே இனி வேண்டாம்" என்றார்.

அவர் மனசு தெரிந்தபின் யார் கேட்பார்கள்? ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவர் வாளியைத் தூக்கக் குனிந்தார்.

"நான் கேக்கறேன்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். உபதேசியாரின் மனைவி. சபையில் பாட்டுக்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவர். சொன்னாரே ஒரு விலை, அன்று கோழிக்குக்கூட யாரும் அவ்வளவு சொல்லவில்லை. உபதேசியார் அவரை முறைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணை எடுக்கவில்லை. "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று உபதேசியார் இழுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாந்தரத்தையும் மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார்.

அம்மாள் எழுந்து வந்து, வாளியை இவர் கையிலேயே கொடுத்தார்.

"குளத்துல விட்டுடுங்க தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமை பிடிக்கணும்ல."