முகத்துவாரம் வெட்டிய ஆண்டின் ஆய்வுக் கட்டுரை

என்னோடு இணைந்து ஆய்வு செய்த ஒரு விரிவுரையாளரின் பதவி தொடர்பான மேன்முறையீடு இன்னும் முடிவாகவில்லை. அவருக்கு எதிராகப் பதிவாகியிருக்கும் சொல் என் வாயிலிருந்து வந்தது. அதைத் திருத்தி நான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கடிதத்துக்கு, ஓய்வுபெற்ற ஒருவரின் தனிப்பட்ட மடல் சான்றாகாது என்று மறுமொழி வந்தது. ஆகவே நடந்ததைப் பொதுவில் எழுதிவைக்கிறேன்.

நான் புவியியல் கற்பித்தவன். அவர் சமூகவியலாளர், ஒப்பந்த அடிப்படையில் நெடுங்காலம் பணியாற்றியவர். காலநிலை மாற்றம் வாவிக்கரை நெற்செய்கையை எவ்வாறு தாக்குகிறது என்பதை இரு துறையும் கூடி ஆராயத் தொடங்கினோம். பழுகாமத்துப் பக்கம் வாவியை ஒட்டிக் கிடக்கும் வயல்வெளிகளான வட்டைகளில் வாய்க்கால் நீரின் உவர்ப்பை நான் அளப்பேன். அவ்வயல்களைச் செய்வோரிடம் அவர் பேசுவார். என்னிடம் ஒரு மானி, அவரிடம் ஒரு கொப்பி. இவற்றுள் எது ஆய்வு என்பதில் எனக்கு அப்போது ஐயமே இருக்கவில்லை.

அந்த மாரிக்காலப் பெரும்போகத்தில் வாவியோரப் பயிர் நுனி கருகி நின்றது. மானி காட்டிய அளவு நான் அதுவரை அங்கே காணாதது. வரம்பில் வந்த வயற்காரர் ஒருவர் என் கையை எட்டிப் பார்த்தார்.

“கடல் ஏறி வருது சேர். காலநிலை மாறிப் போச்சிதானே.”

அதை அப்படியே ‘உழவர் பட்டறிவு’ என்று குறித்துக்கொண்டேன். முந்திய ஆண்டு கொக்கட்டிச்சோலையில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில், படங்களைக் காட்டி அதே வாக்கியங்களைச் சொன்னவன் நானே என்பதும், அவர் அங்கே முன்வரிசையில் இருந்தார் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. என் பேச்சே திரும்பி வந்தது. அதற்குச் சாட்சியம் என்று பெயரிட்டேன்.

அதே மனிதர் தம் வீட்டு முற்றத்தில் என் இணையாய்வாளரிடம் சொன்னது வேறு.

“மிஸ், அந்தச் சேரிட்டச் சொல்லிராதீங்க. வெள்ளத்தில வயல் மூழ்கக்குள்ள, முகத்துவாரத்த வெட்டுங்க எண்டு கச்சேரியில அதிகாரிமாரிட்டப் போய் நிண்டவனே நான்தான். தோணிக்காரங்க வேணாமெண்டாங்க, இறால் குஞ்செல்லாம் கடலுக்குப் போயிரும் எண்டு. நாங்க சண்ட பிடிச்சி வெட்டுவிச்சம். மறுகா மழயும் நிண்டு போச்சி. உப்புத் தண்ணி உள்ளுக்கு வந்திட்டு. இப்ப ஆருக்குக் குத்தம் சொல்ற?”

“கடலுக்குச் சொல்லுங்க. அது திருப்பிக் கேக்காது,” என்று அந்த வயற்காரரின் மனைவி தேநீரை நீட்டியபடி சிரித்தாராம்.

வெள்ளக் காலத்தில் வாவியின் வாயை மூடியிருக்கும் மணல்மேட்டை வெட்டிவிட்டால் நீர் கடலுக்கு வடியும். ஆனால் திறந்த வாய் திறந்தே கிடக்கும். மேலிருந்து ஆற்றுநீர் தொடர்ந்து வந்து தள்ளாவிடின் கடல்நீர் உட்புகும். அவ்வாண்டு மழை ஒரே மூச்சில் கொட்டித் தீர்ந்து ஓய்ந்தது. பருவம் பிறழ்ந்ததும் மனிதர் எடுத்த முடிவும் சேர்ந்தே அந்த உவர்ப்பை வயலுக்குக் கொண்டுவந்தன. இவற்றுள் ஒரு பாதி என் மானிக்குத் தெரியாது.

என் இணையாய்வாளர் கொப்பியோடு என் அறைக்கு வந்தார்.

“சேர், வெட்டினதுக்குப் பிறகுதான் உப்பு ஏறியிருக்கு. திகதியப் பாருங்க.”

“ஒராளின்ட கதைய வச்சி நாம எப்பிடி எழுதுற?”

“ஒராள் இல்ல சேர். தோணிக்காரரும் அதத்தான் சொல்றாங்க. அவங்களுக்கும் இவங்களுக்கும் இப்ப முகம் பார்த்துக் கதையே இல்ல. ரெண்டு பேரும் கூடிப் பொய் சொல்லுவாங்களா?”

ஆயினும் கடல்மட்ட உயர்வையும் வறட்சியையும் காரணமாகக் காட்டியே கட்டுரையை எழுதினேன். அவர் திரட்டியவற்றைப் பின்னிணைப்பாக்கினேன். பக்கத்தைக் குறைக்கும்படி ஆய்விதழ் கேட்டபோது முதலில் நீங்கியது பின்னிணைப்பு. நீக்கியவன் நானே. அவரிடம் கேட்கவில்லை.

நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்தேர்வில் அக்கட்டுரையே அவருடைய முதன்மைச் சான்று. தேர்வுக் குழுவிலிருந்த பயிரியலாளர், இது தம் துறையன்று என்றார். குழுவின் சமூகவியலாளரோ, இதில் சமூகவியலைக் காணவில்லை என்றார். காணாதது வியப்பன்று. கட்டுரையின் முதலாசிரியன் என்ற முறையில் என்னை உள்ளே அழைத்து, இதில் அவருடைய பங்கு யாது என்று தலைவர் வினவினார். உண்மையைச் சொன்னால், அப்பங்கு கட்டுரையில் எங்கே என்று அடுத்த வினா எழும்.

“கள உதவி,” என்றேன்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் எழுந்து நின்றார். “என்ன சேர் கேட்டாங்க?”

“வழமையான கேள்விதான்.”

துறைசார் பங்களிப்புப் போதாது என்ற குறிப்புடன் பதவி மறுக்கப்பட்டது. மேன்முறையீடு செய்த பின்னரே அந்த இரு சொற்களை அவர் தேர்வுக் குழுவின் ஏட்டில் கண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஓய்வுக்குப் பின்னர் அவருடைய கொப்பியின் படியைக் கேட்டு வாங்கி, என் அளவீடுகளோடு நாள்வாரியாக ஒப்பிட்டேன். அவர் சொன்னதே சரி. ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பியுள்ளேன். இந்த எழுத்தையும் முதலில் அவரிடமே காட்டினேன்.

“என்ட பேரக் காணல்லியே சேர்?”

எவருடைய பெயரையும் எழுதவில்லை என்றேன்.

“ஓம், அது உங்களுக்குப் பழக்கந்தானே,” என்றார். பின்பு பேனையை எடுத்து, தோணிக்காரர் ஏன் மறுத்தனர் என்பதைப் பற்றி நான் பிழையாக எழுதியிருந்த ஒரு வரியை அடித்து, தம் கையால் திருத்தித் தந்தார். அந்த வரி அவர் எழுதியபடியே மேலே உள்ளது.

ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொண்ட, வாவியின் வாய் வெட்டப்பட்ட நாள், பலர் நினைவிலிருந்து பெறப்பட்டது. அன்று அங்கே நின்ற வயற்காரரும் தோணிக்காரரும் இதை வாசிப்பின், நாளிலோ நிகழ்விலோ நான் தவறியிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அந்தத் தேர்வுக் குழுவில் இருந்தோரையும் அவ்வாறே கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பங்கை மறுபடியும் நான் எங்கேனும் குறைத்து எழுதியிருந்தால், அப்பிழையை முதலில் சுட்டுங்கள்.