கீழ்வேளூர் பங்களாவில் நான் கைதட்டிக் கெடுத்த சிம்பொனி

இருபத்துமூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கூடத்தில், போன தை மாதம், நான் ஒருத்தன் மட்டும் கைதட்டினேன். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் கயல்விழி சென்னையில் ஒரு சின்ன இசைக்குழுவில் கொம்பு வாசிக்கிறாள். நம்மூர்க் கொம்பு இல்லை, ஹார்ன் என்கிற வெள்ளைக்காரர்களின் வளைந்த பித்தளைக் கொம்பு. இருநூறு வருஷத்துக்கு முந்தைய சிம்பொனிகளை அந்தக் காலத்து முறையிலேயே வாசித்துப் பதிவு செய்கிற குழு. வயலினுக்கு ஆட்டுக்குடல் நரம்பு. இவள் கொம்பில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. உதடும், கொம்பின் புனல் போன்ற வாய்க்குள் விட்ட வலது கையும்தான். எட்டாவதோடு நிறுத்திய எனக்கு இவ்வளவு தெரிவதே அதிகம். மர உத்தரமும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள உயரமான கூடம் தேடி, ஒரு பழைய மிராசுதார் பங்களாவைப் பிடித்திருந்தார்கள். முந்தின நாள் போனில் அழுதாள். “வாசிக்கிறதுல ஒரு இடம் மட்டும் வரவே மாட்டேங்குதுப்பா. நாளைக்கு மதியத்துக்குள்ள வரலன்னா வேற ஆளை ஊத வச்சிருவாங்க.”

காலை 5.40க்குத் தஞ்சாவூரில் பஸ். திருவாரூர் 58 கிலோமீட்டர், 7.30க்கு இறங்கினேன். கீழ்வேளூருக்கு இன்னொரு பஸ், 13 கிலோமீட்டர். அங்கிருந்து பங்களா ஆறு கிலோமீட்டர். ஆட்டோ 150 ரூபாய்.

“நிலமெல்லாம் உச்சவரம்புல போயிருச்சுங்க, வீடுதான் நிக்குது,” என்றார் ஆட்டோக்காரர். “உள்ள யாரோ நாலு நாளா பீப்பி ஊதுறாங்க.”

“என் பொண்ணுதாங்க.”

“அட, முன்னயே சொல்லக் கூடாதா! நல்லாத்தான் ஊதுது. கொல்லப்பக்கம் விடட்டுங்களா? அதுதான் கிட்ட.”

“வேணாங்க. சுத்துனாலும் பரவால்ல, முன்வாசல்லயே விடுங்க.”

உள்ளே ஃபேன் கிடையாது, சத்தம் பதிவாகிவிடுமாம். மூன்று முறை அந்த இடத்தில் கொம்பு பிசிறியது. நாலாவது முறை சுத்தமாக வந்தது. வாத்தியங்கள் நின்றன. கட்சிக் கூட்டத்தில் பேச்சாளர் மூச்சு வாங்க நிறுத்தினாலே தட்டிப் பழகிய கை இது. கடைசி ஒலி அடங்குமுன் தட்டிவிட்டேன். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழுவை நடத்துகிற அம்மா சிரித்துவிட்டார். “அந்தக் காலத்துல ஜனங்க நடுவுலயே தட்டுவாங்க சார். நீங்கதான் சரியான ஆடியன்ஸ். ஆனா மைக்குக்கு அது புரியாதே. மறுபடி போலாம்.”

“அப்பா, கையைத் தொடைக்கு அடியில வச்சுக்க,” என்றாள் கயல்.

வைத்துக்கொண்டேன். மணி 11.50. அந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். வந்துவிட்டது, முன்னைவிட நன்றாகவே. ஒலி அடங்கி, மைக் வைத்தவர் கட்டைவிரலை உயர்த்திய பிறகுதான் என் மூச்சும் வெளியே வந்தது. கை மரத்துப்போயிருந்தது.

இதுபோல் பதிவு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரும் துண்டும் எடுத்துப் போங்கள். கீழ்வேளூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள், வழியில் டீக்கடைகூட இல்லை. திரும்ப வர அதே ஆட்டோவைச் சொல்லி வையுங்கள். செல்போனை அணைத்தால் போதாது, கையையும் அணைக்க வேண்டும்.

நான் ஆட்டோவில் ஏறும்போது கயல் கேட்டாள், “ஏம்ப்பா அப்படித் தட்டுன?”

“பழக்கதோஷம்,” என்றேன்.

அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்க வந்த என் அப்பா, அவளுடைய தாத்தா, இதே வீட்டின் கொல்லைப்பக்கத்திலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பியதை மட்டும் சொல்லவில்லை.