சாயாமல் உட்காரும் பரிசோதனை

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஊனமுற்றோர் விளையாட்டுப் போட்டிக்கு ‘கிளாசிஃபிகேஷன்’, அதாவது உடல் பலத்தைப் பார்த்து ஆட்களை கிளாஸ் பிரிக்கும் வேலை, என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் நான் ஒருவன்தான். பிரிவின் தலைவர், ஊழியர், கோஷ்டி எல்லாம் நானே. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்குப் போலியோ என்பதற்காக மட்டும் அவர்களை ஒரே போட்டியில் விட முடியாது. எந்தத் தசையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று கையால் அழுத்திப் பார்த்து, பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டும். உட்கார்ந்து குண்டு எறிபவர்களுக்கு இடுப்புக்கு மேல்தான் விஷயம். பெஞ்சில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டச் சொல்லி, தோளில் லேசாகத் தள்ள வேண்டும். நிமிர்ந்தால் ஒரு கிளாஸ், சாய்ந்தால் அதற்குக் கீழ் கிளாஸ். அத்தனை படித்த பிறகு, சும்மா உட்கார்ந்திருப்பவரைத் தள்ளிவிடுவதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது.

இரண்டு பேர், ஒரு கை

காரிமங்கலத்திலிருந்து மாதுவும் அந்தோணியும் வந்தார்கள். இருவருக்கும் இரண்டு காலிலும் போலியோ. சந்தை ரோட்டில் ஒரே கடையில் உட்கார்ந்து கடிகாரம் ரிப்பேர் செய்தவர்கள். குண்டும் ஒன்றாகவே எறிந்து பழகியவர்கள். எப்போதும் மாதுதான் ஜெயிப்பான்.

மாதுவைத் தள்ளினேன், நிமிர்ந்தான். அந்தோணியைத் தள்ளினேன். அவனும் நிமிர்ந்தான். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் மாதுவின் உள்ளங்கை இருந்தது.

“மாது, கையை எடுங்க.”

“நா வெக்கிலீங்க சார்.”

“அப்ப அது யார் கை?”

மாது தன் கையைத் திரும்பிப் பார்த்தான். “அட, அது பாட்டுக்குப் போயிருக்குதுங்க.”

அந்தோணி சிரித்தான். “பஸ்ஸுல, கடையில, எங்கியும் இப்படித்தானுங்க. நா சாஞ்சே பல வருசமாச்சு.”

மாதுவை எதிர்ச்சுவர் ஓரம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி தள்ளினேன். அந்தோணி நெல்மூட்டை போல என் மேல் சரிந்தான். எதிரே மாதுவின் கை காற்றில் நீண்டது.

கீழ் கிளாஸ் எழுதினேன். சரியான கிளாஸ்தான். இன்றைக்குத் தள்ளினாலும் அதையே எழுதுவேன்.

தனியாக முதலிடம்

மாவட்டத்திலிருந்து அந்த கிளாஸில் வேறு யாரும் வரவில்லை. அந்தோணியை நாற்காலியோடு பெல்ட்டால் கட்டினார்கள். தனியாக எறிந்து, தனியாக முதலிடம் பெற்று, மெட்ராஸில் நடக்கும் மாநிலப் போட்டிக்குத் தேர்வானான். மாது தன் கிளாஸில் கம்பைநல்லூர்க்காரர் ஒருவரிடம் தோற்றான்.

“நா போவலீங்க சார். யாரை ஜெயிச்சன்னு போறது?” என்றான் அந்தோணி.

“டேய், என்னை ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு குதிச்சியே. இப்ப நா காரிமங்கலம், நீ மெட்ராஸ். வாய மூடிட்டுப் போடா,” என்றான் மாது.

துணையாளுக்கு ஓர் இடம் உண்டு. மாதுவையே அனுப்பலாமா என்று போட்டி அதிகாரியிடம் கேட்டேன்.

“தொணைக்கு வர்றவருக்குத் தொணை யாருங்க? கைகால் நல்லா இருக்கறவங்கதான் போவணும். நீங்களே போயிட்டு வாங்க. உங்களுக்கு இங்க யாரு காத்துட்டு இருக்காங்க?”

லாட்ஜில் ஒற்றை அறைக்காரன் நான். பெட்டியைக் கட்டினேன்.

காரிமங்கலம் பஸ் நிறுத்தத்தில், ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தபடி மாது சொன்னான்: “எடப்பக்கமாத்தான் சாய்வான் சார். வளைவு வர்றதுக்கு முந்தியே கை வெச்சிருங்க.”

நான் ஒவ்வொரு வளைவிலும், வளைந்த பிறகே கை வைத்தேன். தசைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன்.

“பரவால்லீங்க சார்,” என்றான் அந்தோணி, என் தோளில் கிடந்தபடி.

மெட்ராஸில் அவன் கிளாஸில் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லோரும் தள்ளினால் சாய்பவர்கள். அந்தோணி அவர்களை எல்லாம் தாண்டி எறிந்தான். முடிவைச் சொன்னதும் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அங்கே நான் நின்றிருந்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தள்ளும்போது பக்கத்தில் யாரையும் விடாதீர்கள், அப்போதுதான் கிளாஸ் சரியாக வரும். ஒருவர் தனியாக இருக்கும்போது எவ்வளவு நிமிர்வார் என்பது மட்டும்தான் அதில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் இப்போது லாட்ஜை விட்டு ஒரு வீட்டில் இருக்கிறேன், தனியாகத்தான். என்னைத் தள்ளிப் பார்க்க இதுவரை ஆள் அமையவில்லை. என் கிளாஸ் என்னவென்று தெரியாமலே ஓய்வு பெற்றுவிடுவேன் போலிருக்கிறது.