விசாச் செய்தி தேடும் அண்ணாச்சி

பேப்பர் வந்ததும் சங்கரலிங்கம் அண்ணாச்சி தங்க விலை பார்ப்பதில்லை. விசா பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறார். தேடி முடித்ததும், பக்கத்திலிருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கு எத்தனை பாஸ்போர்ட்டு நகலெடுக்க வந்துச்சு தம்பி?" இரண்டு என்றால் போதும், முகம் சுண்டிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவருக்கு மலேசியாக் கவலை எதற்கு என்று கேட்கலாம். ஐந்து வருடத்தில் அவரிடம் பால்கோவா கிண்டிய மூன்று பேர் ஈப்போவில் ஓர் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். அந்த ஓட்டல் முதலாளியை அண்ணாச்சி கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பங்காளியைப் போல அவரைத் தினமும் வைகிறார்.

"பால்கோவாவை வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா அம்புட்டு காயிதம் கேக்கான். அதைக் கிண்டுத மனுசனைக் கொண்டுபோறதுக்கு மொதலாளிட்ட ஒரு கையெழுத்து கேக்கானா? சட்டமா இது?"

ராஜபாளையம் மில்காரர்கள் மேலும் அவருக்குப் பொறாமை. "அவியளுக்கு மட்டும் ஒடிசாவுல இருந்து பஸ் பஸ்ஸா ஆள் எறங்குது." இவரும் இரண்டு பேரை வரவழைத்தார். மூன்றாம் வாரமே அவர்கள் மில்லுக்குப் போய்விட்டார்கள். அங்கே தங்குகிற அறையில் ஃபேன் இருக்கிறதாம். "அடுப்படியில ஃபேன் வச்சா தீ அணைஞ்சிரும்லா?" என்று என்னிடம்தான் நியாயம் கேட்டார்.

மிஞ்சியிருந்தவன் முத்துவீரன். சுந்தரபாண்டியத்துக்காரன், பதினோரு வருடமாக அந்த அடுப்பில் நின்றவன். போன மாதம் அவனும் பாஸ்போர்ட் நகலெடுக்க என்னிடம் வந்தான். பின்னாலேயே வந்து நின்ற அண்ணாச்சி, இயந்திரத்திலிருந்து வந்த படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இவன் ஏரோப்பிளேன்ல போறான். நான் இன்னும் மதுரை ஏர்போர்ட்டு வாசல்ல கூட நின்னதில்லை."

முத்துவீரன் வேலையிலிருந்து நின்றுகொண்டான். புறப்படப் பத்து நாள் இருக்கையில், மலேசியாவில் வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்திவைத்த செய்தி வந்தது. அண்ணாச்சி பேப்பரோடு என் கடைக்கு ஓடியே வந்தார்.

மறுநாள் காலையில் முத்துவீரன் அண்ணாச்சி கடைக்கு வந்தான். மறுபடி வேலை கேட்கத்தான் வந்திருந்தான். அவன் வாய் திறக்குமுன் அண்ணாச்சி சூடாக ஒரு பால்கோவா உருண்டையை அவன் கையில் வைத்தார்.

"சாப்பிடுலே! நிப்பாட்டிட்டான்ல? நல்லதாப் போச்சு. வா, பால் கொதிக்கி."

அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எம் பொண்டாட்டி நேத்து இதைக் கேட்டதுல இருந்து படுத்த படுக்கையா கெடக்கா, அண்ணாச்சி. நீங்க இனிப்பு குடுக்கீக."

உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள், எதிரே பால்கோவாக் கடை வைத்திருக்கும் ஐயாதுரையின் அடுப்பில் நின்றான்.

"கூட எம்புட்டு குடுக்கானாம்? கேட்டுட்டு வா தம்பி" என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார். கேட்டேன். அதே கூலிதான். "விசா தெறந்தா போயிட்டு வா, திரும்பி வந்தா இங்கயே வான்னு மொதலாளி சொன்னாவ" என்றான் முத்துவீரன்.

வந்து சொன்னேன். அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. "அம்புட்டுதானா?" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "வெறும் வாய்வார்த்தைக்கா போனான்?"

அன்றிலிருந்து சுற்றுலா வேன் ஏதாவது எதிர்ப்பக்கம் நின்றால் அவருக்கு இருப்புக்கொள்வதில்லை. "என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி மொய்க்காங்க" என்பார். அவர் அடுப்பில் இப்போது அவரே நிற்கிறார். இரண்டு முறை அடிப்பிடித்துவிட்டது.

நேற்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார். "எதிர்க்கடையில நூறு கிராம் வாங்கிட்டு வா. எனக்குன்னு சொல்லிராத."

வாங்கி வந்து கொடுத்தேன். பால் கேன்களுக்கு நடுவே, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். "அவன் பக்குவம்லா" என்று முனகினார். பிறகு முழுவதையும் தின்றார். காகிதத்தைத் தொடைமேல் விரித்து நீவி, மூலையில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி வாயில் வைத்துக்கொண்டார்.