ஆற்றின் மேல்புறத்தில் படுத்தவர்கள்

என் அப்பா எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் மேல்புறத்தில்தான் இறங்குவார். கீழ்புறத்தில் நிற்கிறவன் மேலே இருக்கிறவன் குளித்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். நாம் அப்படிக் குடிக்கப் பிறந்தவர்கள் அல்ல என்பது அவருடைய கொள்கை. பதுளைக் கடைவீதியில் அரிசியும் உப்பும் கருவாடும் விற்ற மனிதர் அவர். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வராவிட்டால் அந்தக் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அவர்கள் கொடுக்கும் காசுக்குத் தீட்டு இல்லை. அவர்கள் கை பட்ட தண்ணீருக்கு இருந்தது.

அந்த மேல்புறம்தான் என் தம்பியைக் கொன்றது. கொசு கொன்றது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் படித்தவர்கள், அவர்கள் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். நான் கூட இருந்து பார்த்தவள், என் கணக்கு வேறு.

அப்போது பதுளைக்கு ரயில் வந்திருக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது இருக்கலாம். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவன் பிழைத்துக் கிடந்தால் கதிர்காமத்தில் முடி இறக்குகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். அவனும் பிழைத்தான். மூன்று வயது வரை கத்தி படாத முடி தோள் வரைக்கும் தொங்கியது. அம்மா எண்ணெய் வைத்து இரண்டு பின்னல் போட்டுவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் வேண்டுமென்றே, "பொம்பளப் புள்ளையா?" என்று கேட்பார்கள். அவன் உடனே சட்டையைத் தூக்கிக் காட்டுவான். ஊரே அந்த வேடிக்கைக்காகக் கேட்டது. அவனும் ஒருவரையும் ஏமாற்றாமல் காட்டினான்.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் போவது என்று முடிவானது. என் நினைவில் அப்பா கடையை அடைத்து எங்களை எங்கேயாவது கூட்டிப் போனது அந்த ஒரே தடவைதான். அதனால் எனக்கு அது சாமி காரியமாகத் தெரியவில்லை, உல்லாசமாகத்தான் தெரிந்தது. மாட்டுவண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வண்டிக்குள் அரிசி, பருப்பு, தார்ப்பாய், கம்பளிகள், சாமிக்கென்று ஒரு பெரிய பொட்டலம் கற்பூரம். எல்ல ஊர்ப் பக்கத்து இறக்கத்தில் வண்டி முனகிக்கொண்டே இறங்க, எங்கள் குளிர் மேலேயே நின்றுவிட்டது. வெல்லவாய வந்தபோது உடம்பில் துணி நிற்கவில்லை. புத்தல தாண்டியதும் காடு. அங்கே ஒரு காட்டாற்றங்கரையில், மருத மரங்களுக்கு அடியில், அப்பா வண்டியை அவிழ்க்கச் சொன்னார்.

ஆறு என்பது பேருக்குத்தான். ஆடி வறட்சியில் ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே அங்கங்கே மடுவாகத் தண்ணீர் கிடந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர். அப்பா ஒவ்வொரு மடுவாகப் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய மடுவின் விளிம்பில் தார்ப்பாயைக் கட்டினார். ஓடாத ஆற்றுக்கு மேல் ஏது, கீழ் ஏது? இதை இப்போது நான் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்க எங்களில் யாருக்கும் வாய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஆட்கள், இரண்டு வண்டிகளில். எங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர்கள்தான். அவர்களுடைய கங்காணி அப்பாவைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். அவர்கள் மூட்டைகளை இறக்கியது எங்களுக்கு அடுத்த மடுவின் ஓரத்தில். ஒரு பெண் இடுப்புப் பிள்ளையை மணலில் விட்டுவிட்டு அடுப்புக்குக் கல் பொறுக்கத் தொடங்கியிருந்தாள்.

அப்பா எழுந்து போனார்.

"இது நாங்க புழங்குற தண்ணிப்பா. விரதத்துல இருக்கோம். நீங்க எல்லாரும் அங்கிட்டு மேட்டுக்குப் போயிருங்க. தண்ணி வேணும்னா கீழ போயி மொண்டுக்கங்க."

"சரிங்க மொதலாளி" என்றார் கங்காணி. அவ்வளவுதான். இறக்கிய மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, ஆற்றை விட்டு நன்றாகத் தள்ளி ஒரு மொட்டை மேட்டுக்குப் போனார்கள். பிள்ளைக்காரி பொறுக்கிய கல்லையும் மடியில் கட்டிக்கொண்டு போனாள். அங்கே புல் இருக்கிறது என்று எங்கள் வண்டிக்காரரும் எங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர்களோடு போய்விட்டார். நல்ல மனிதர்களுக்கு நடுவே படுக்க அவருக்கும் ஆசை இருந்திருக்கும்.

வெளிச்சம் மங்கியதும் கொசு வந்தது. பதுளையில் கொசுவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் சாக்குமூட்டைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு எழும்பும், அடித்தால் சாகும். இது அப்படியில்லை. மடுவிலிருந்து சத்தமே இல்லாமல் எழுந்து வந்தது. கடித்த பிறகுதான் கடித்தது தெரியும். சோற்றில் விழுந்தது, கண்ணுக்குள் போனது. மலையிலிருந்து இறங்கிய எங்களிடம் இருந்த ஒரே மருந்து கம்பளி. போர்த்தினால் வேர்வையில் வெந்தோம், விலக்கினால் கொசு பிய்த்தது. தம்பி கம்பளியை உதைத்து உதைத்துத் தள்ளினான்.

"கொஞ்சம் கற்பூரம் கொளுத்தலாமாங்க?" என்றாள் அம்மா.

"சாமிக்குன்னு முடிஞ்சு வச்சத கொசுவுக்குக் கொளுத்துவியா?" என்றார் அப்பா.

அவரையும்தான் கடித்தது. இருட்டில் சட்டுச் சட்டென்று தன்னையே அறைந்துகொண்டு கிடந்தார். அவரை வேறு யார் அறைய முடியும்? அந்தச் சத்தம் கேட்டு நான் கம்பளிக்குள் சிரித்தேன்.

கதிர்காமத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனம் இல்லை. கூட்டம், புழுதி, அரோகரா. மாணிக்க கங்கையில் முழுக்குப் போட்டுவிட்டு தம்பிக்கு முடி இறக்கினார்கள். அவன் அழவில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவியதும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப ஆம்பளப் புள்ளையா?" என்று அம்மாவைக் கேட்டான். அம்மா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் அம்மா சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அதுதான். நேர்ந்ததைச் செலுத்தியாயிற்று, பிள்ளை நமக்கே என்று நினைத்திருப்பாள்.

திரும்பும்போதும் அப்பா அதே மடுவில்தான் வண்டியை நிறுத்தினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தீர்த்தம் முடிந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்பியதால் தோட்டத்து ஆட்களும் அன்றைக்கே வந்து சேர்ந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் ஆற்றுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நேரே மேட்டுக்குப் போய்விட்டார்கள். சொன்னால் கேட்கிற ஜனங்கள்.

போகிற வழியில் தம்பியின் தலையையாவது முடி காத்தது. இப்போது அதுவும் இல்லை. பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில், சந்தனம் காய்ந்த அந்தத் தலை முழுக்கத் தடிப்புகள். அவன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அலறினான். அப்பா மடுவில் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மேட்டை நோக்கி நடந்தாள்.

மேட்டில் காற்று இருந்தது. நடுவில் மாடுகளைக் கட்டி, அவற்றுக்காகக் காய்ந்த சாணத்தைக் குவித்து மூட்டம் போட்டிருந்தார்கள். அன்றைக்குக் கல் பொறுக்கிய பெண்ணின் பிள்ளை ஒரு சாக்கில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் தலையைப் பார்த்ததும் அவள், "ஐயோ சாமி!" என்று எழுந்து வந்தாள்.

"புள்ளைய இங்கனயே படுக்க வைங்கம்மா. மாட்டுக்குப் போட்ட பொகதான், எல்லாருக்கும் ஆகும்."

அம்மாவுக்கு ஆசை இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கை தம்பியை இறக்கப் போய்விட்டுத் திரும்ப இறுக்கிக்கொண்டது. "வேணாம்மா, அவரு ஏசுவாரு. கொஞ்சம் நெருப்பும் சாணியும் மட்டும் குடு" என்றாள். அந்தப் பெண் ஓர் உடைந்த சட்டியில் கங்கு போட்டு, மேலே சாணத்தை வைத்துக் கொடுத்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தார்ப்பாய்க்கு அடியில் வைத்து ஊதியதும் புகை பரவியது. தம்பி இருமினான், ஆனால் அழுகையை நிறுத்தினான்.

அப்பா ஈர வேட்டியோடு வந்தார். சட்டியைப் பார்த்தார். அது யாருடையது என்று அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"சாமி கும்பிட்டு வர்ற வழியில அவ அடுப்பு நெருப்ப வாங்கிட்டு வந்து வச்சிருக்கியா? ஒனக்கு அறிவு இருக்கா?"

"புள்ளயோட தலையப் பாருங்க..."

அவர் பார்க்கவில்லை. கையிலிருந்த செம்புத் தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தார். அது சீறி அணைந்தது. பிறகு காலால் தள்ளி மணலில் உருட்டிவிட்டு, தீட்டுக் கழிய இன்னொரு முழுக்குப் போடப் போனார். விடியும்வரை அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பதுளைக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் தம்பி நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு நாள் மத்தியானம் குளிருது என்றான். வீட்டில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் போட்டும் பல் கிட்டியது. பிறகு நெருப்பாகச் சுட்டது. பிறகு வேர்த்துக் கொட்டி விட்டது. விட்டதும் அப்பா, "பயணக் களைப்பு" என்று திருநீறு பூசிவிட்டுக் கடைக்குப் போனார். ஒரு நாள் விட்டு மறுபடி குளிர் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "எங்க படுத்தீங்க? தண்ணியோரமா?" இது காட்டுக் காய்ச்சல், தேங்கின தண்ணீரில் பிறக்கும் கொசு கடித்து வருவது, இன்னும் முந்தியே கொண்டு வந்திருந்தால் கொயினா மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். அப்பா வெளியே வந்து, "கொசு கடிச்சு ஆள் சாகுமா? அப்ப ஊர்ல ஒருத்தன் மிஞ்சுவானா?" என்று சிரித்தார். கொயினாத் தண்ணீரைத் தம்பி துப்பினான், அம்மா திரும்பத் திரும்பப் புகட்டினாள். அடுத்த குளிர் வந்த பகலில், அம்மா மடியில் படுத்தபடியே போய்விட்டான். இறக்கிய முடி ஒரு விரற்கடைகூட வளர்ந்திருக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா ஒரே பேச்சைத்தான் பேசினார். "சாமி குத்தம். நான் எல்லாத்தையும் சுத்தமாத்தான் செஞ்சேன். வீட்டுப் பொம்பள கண்ட எடத்துல நெருப்பு வாங்கினா, அவன் சும்மா விடுவானா?" வந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். இதைவிடக் கொடுமை, அம்மா அதை நம்பினாள். பிள்ளையைத் தின்றவள் நான்தான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்பாவின் மேல் வந்த வெறுப்பு அந்த நாட்களில் வந்தது. இன்றுவரை அது போகவில்லை, போக வேண்டும் என்று நான் பிரயாசைப்பட்டதும் இல்லை.

அடுத்த சம்பளத்துக்குப் பிறகு, நெருப்புக் கொடுத்த அந்தப் பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை, அதன் தலையில் கதிர்காமத்து மொட்டைக்குப் பின் முளைத்த முடி. உப்புக் கேட்டாள். அப்பா அளந்துகொண்டிருக்கும்போது, "சின்ன மொதலாளி சொகமா இருக்காங்களா?" என்றாள்.

"இல்ல" என்றார் அப்பா.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயில் அடித்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஆட்கள் நிற்கும்போது அவள் கடைக்குள் வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள்.

"ஒன் புள்ளைக்குக் காய்ச்ச வரலியாம்மா?"

"இல்லீங்கம்மா. எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அந்த மேட்டுல அவ்வளவா கொசு இல்லீங்க. இருந்ததும் மாட்டத்தான் மொய்ச்சுச்சு. நாங்களும் மொதல்ல தண்ணியோரத்துலதானே எறங்கினோம். மொதலாளிதான் தள்ளிப் போகச் சொன்னாங்க."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்பா செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அம்மா அங்கேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியையும் இவள் சொன்ன பதிலையும் அவள் சேர்த்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, "உள்ள போ" என்றார்.

"அவ புள்ளைய நீங்க காப்பாத்திட்டீங்க" என்றாள் அம்மா.

அம்மா சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதற்குப் பிறகு சாமி குற்றம் என்ற பேச்சை அவர் எங்கள் வீட்டில் எடுக்கவில்லை. மறு ஆடியில் அவர் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு கதிர்காமத்துக்கு இறங்கினார். வழியில் எங்கே படுத்தார் என்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார்.