நாயனத்தை இறக்கியவர்

துரைசிங்கம் அண்ணை கொழும்பில் காலமான செய்தி, அவருடைய முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்த பிறகுதான் அளவெட்டிக்கு வந்து சேர்ந்தது. சண்டையால் பாதை பூட்டிக் கிடப்பதால் கடிதம் எங்கெங்கோ அலைந்திருக்கிறது. என் மனைவி அதைக் கையில் தந்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவர் நாதஸ்வரம், நான் தவில். குண்டு விழுந்து என் இரண்டு காதும் போனபோது, தவிலை உறையில் போட்டு மூலையில் வைத்துவிட்டேன். அண்ணை வந்து கொப்பியில் எழுதிக் காட்டினார்: "காதுதானே போனது, கை கிடக்குதெல்லே?" எனக்கு வந்த கோபத்தில் கொப்பியைத் தூக்கி எறிந்தேன். அவர் அதைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் தவிலை எடுக்கும்வரை அசையாமல் இருந்தார்.

வழக்கமாகப் பின்னால் நிற்கும் தாளக்காரரை எனக்கு நேரே நிறுத்தினார். சுவாமிக்கு முதுகைக் காட்டுகிறான் என்று கோயில் மனேச்சர் குதித்தாராம். "சுவாமி கோவிக்கேல்லை, நீங்கள்தான் கோவிக்கிறியள்" என்றாராம் அண்ணை. அந்த மனேச்சர் அதன்பிறகு எங்களை அழைக்கவில்லை.

தாளம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் என் அடி எனக்குக் கேட்காதே! சனம் தலையாட்டுவதைப் பார்த்துப் பூரித்துப் போவேன். ஒரு தேர்த்திருவிழாவில், கீர்த்தனையின் நடுவே, அண்ணை நாயனத்தை வாயிலிருந்து இறக்கிவிட்டுச் சும்மா நின்றார். ஊரே பார்த்தது. நான் தாளம் பிசகியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

"ஊருக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டியளே!" என்று மறுநாள் அவரோடு சண்டைக்குப் போனேன். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், சமாதானம் சொல்லும் ஆள் இல்லை அவர். கொப்பியை வாங்கி எழுதினார்: "சனம் இரக்கத்திலை தலையாட்டுது. நான் ஆட்டமாட்டன். நான் ஊதிக்கொண்டு நிண்டால் நீ சரி."

அதன்பிறகு அவர் ஊதிக்கொண்டிருக்கும்வரை எனக்குப் பயமே இருக்கவில்லை. நோய் முற்றியதும், கொழும்புக்குப் போக அவருக்கு மட்டும் பாஸ் கிடைத்தது. எனக்கு மறுத்துவிட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, உண்மையைக் கேட்டு வாங்கும் இந்தப் பழக்கம்தான். போன வெள்ளிக்கிழமை கோயிலில் வாசிக்கத் தொடங்குமுன் புதிய நாதஸ்வரக்காரரிடம், "நான் பிழை விட்டால் நாயனத்தை இறக்குங்கோ தம்பி" என்று கேட்டுக்கொண்டேன். ஓம் என்று தலையாட்டினார். கடைசிவரை அவர் இறக்கவில்லை. நான் பிழை விடவில்லையா, அவருக்கு மனம் வரவில்லையா என்று எனக்குச் சொல்ல இனி ஆளில்லை.